தம்பியின் மனம் தேறியது, சர்க்கரை ஏறியது: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, என் தம்பிக்கு வயது 27. ஒன்றேகால் ஆண்டுக்கு முன், யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லத் தொடங்கினான். காதில் குரல்கள் கேட்டன. அறையை விட்டு வெளியே வரவே மறுத்தான். சைக்கோசிஸ் என்று சொல்லி ஓலன்சபைன் கொடுத்தார்கள். இப்போது இரவில் 15 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறான். குரல்கள் நின்றுவிட்டன, பகுதிநேர வேலைக்கும் போகிறான். ஆனால் 64 கிலோவாக இருந்தவன் 83 கிலோ ஆகிவிட்டான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிடுகிறான், குளிர்பானம் குடிக்கிறான். சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 116, ஹெச்பிஏ1சி 6.2. அப்பாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. மனநல மருத்துவர், "பொது மருத்துவரைப் பாருங்கள்" என்கிறார். பொது மருத்துவரோ, "அந்த மாத்திரையால் வந்தது, அவரிடமே கேளுங்கள்" என்கிறார். உறவினர்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். தலையணை உறைக்குள் தம்பி சில மாத்திரைகளை ஒளித்து வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சமையலறையைப் பூட்டி வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார். சர்க்கரைக்குத் தனியாக ஒரு மாத்திரை தொடங்கினால் இரண்டும் ஒத்துப்போகுமா? இது நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்த வேண்டாம். தம்பி தானாக நிறுத்திவிடவும் இடம் கொடுக்க வேண்டாம். உறவினர்களின் நச்சரிப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக இப்போதைய சிகிச்சை இப்படியே போகட்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்றேகால் ஆண்டில் 19 கிலோ கூடியிருக்கிறது. "மனம் தேறிவிட்டதே, எடையெல்லாம் பெரிய விஷயமா" என்று யார் சொன்னாலும், அது மருத்துவராகவே இருந்தாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பெரிய விஷயம்தான்.

எண்களைப் பார்ப்போம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126, 6.5 என்ற எல்லைகளைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால்தான் சர்க்கரை நோய். தம்பி இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. இந்தக் கட்டத்தில் இருந்து பழைய நிலைக்குத் திரும்புவது சாத்தியம். அவர் வயதில், உரிய கவனம் கிடைத்தால் நல்ல சாத்தியம். ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நிறுத்தக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2012இல் வெளியானது. சைக்கோசிஸ் வரும் நோய்களில் முக்கியமானதான மனச்சிதைவு நோயில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை பெற்றவர்களிலோ 64 சதவீதத்தினருக்குத் திரும்பியது. நோய் திரும்பினால் வேலை போகும், தூக்கம் போகும், சாப்பாட்டு ஒழுங்கு போகும். பிறகு சர்க்கரையைப் பார்ப்பதற்கு வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்காது. மனதைக் காப்பாற்றும் மருந்து உடலைக் கொன்றுவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஃபின்லாந்தில் மனச்சிதைவு நோயாளிகளை 20 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோது, மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் இறப்பு குறைவாகவும், எடுக்காத காலங்களில் அதிகமாகவும் இருந்தது. எடையை மிக அதிகமாகக் கூட்டும் குளோசபைன் என்ற மருந்தை எடுத்தவர்களிடம்தான் இறப்பு எல்லோரையும்விடக் குறைவு. எடை கூடினாலும் பரவாயில்லை என்று இதற்குப் பொருளில்லை. மருந்து இல்லாமல் இருப்பதும் உடலுக்கு ஆபத்துதான் என்பதை உறவினர்களிடம் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாலும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை நின்றுவிடும்.

சைக்கோசிஸுக்கு மருந்து என்று ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1879இல், ஹென்றி மாட்ஸ்லி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுவதாக எழுதினார். முதல் சைக்கோசிஸ் மருந்தான குளோர்ப்ரோமசைன் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது 1952இல். ஆக, இந்த உறவு மருந்துகளைவிட மூத்தது. பிற்காலத்தில், முதன்முறையாக சைக்கோசிஸ் வந்து, மருந்து அனேகமாகத் தொடாதவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்போதே அவர்களில் பலருக்கு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தது. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக அடங்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்புத்தன்மை, தொடங்கியிருந்தது. 2017இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே உறுதியானது.

ஏன் இப்படி? ஒரே காரணம் இல்லை. கருவில் இருக்கும்போதே சில வித்துகள் விழுந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பெரும் பஞ்சத்தில் சிக்கியது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகள் வளர்ந்த பிறகு, அவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காணப்பட்டது. பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களுக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறனும் குறைந்திருந்தது. ஒரே வேர், இரண்டு கிளைகள். இதோடு, நோய் தொடங்கும் மாதங்களில் மனம் ஓயாத பயத்தில் இருக்கிறது, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, நடமாட்டம் நின்றுபோகிறது. ஒவ்வொன்றும் சர்க்கரையைக் கொஞ்சம் மேலே தள்ளும். உங்கள் அப்பாவின் சர்க்கரை நோயும் தன் பங்கைச் சேர்த்திருக்கும்.

அடுத்தது மருந்து. எல்லா சைக்கோசிஸ் மருந்துகளும் இந்த விஷயத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. குளோசபைனும் ஓலன்சபைனும்தான் எடையையும் சர்க்கரையையும் மிக அதிகமாகத் தொந்தரவு செய்பவை. குவெட்டியாபைன், ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன் நடுத்தரம். அரிபிப்ரசோல், லுராசிடோன், கரிப்ரசைன், சிப்ரசிடோன் ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்கள் கொண்டுவரும் செய்தியை வாங்கும் ஏற்பிகள் மூளையில் உண்டு; ஓலன்சபைன் ஹிஸ்டமின் ஏற்பிகளையும், செரட்டோனினின் ஒருவகை ஏற்பிகளையும் அடைத்துவிடுகிறது. "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்ற செய்தி மூளையில் பதிவாக உதவும் வழிகள் இவை. கணையத்தில் இன்சுலின் சுரக்கத் தூண்டும் ஏற்பிகளையும் இது தடுக்கிறது. பசி கூடுகிறது, இன்சுலின் வேலை மந்தமாகிறது, இரண்டும் ஒரே சமயத்தில். நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்பது நாள் ஓலன்சபைன் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எடை கூடுவதற்கு முன்பே அவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்புத்தன்மை வந்துவிட்டது. நிறையச் சாப்பிட்டதால்தான் சர்க்கரை ஏறியது என்று தம்பியைக் குற்றம் சொல்பவர்களிடம் இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லுங்கள்.

அந்தப் பசி எப்படிப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. என்னிடம் சிகிச்சை பெறும் ஓர் இளைஞர், "சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன சாப்பிடலாம் என்று தோன்றுகிறது டாக்டர். வயிறு வலிக்கிறது, பசியும் எடுக்கிறது" என்றார். வயிறு முட்டிய பிறகும் அடங்காத பசி. மன உறுதியால் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். மாதக்கணக்கில் யாராலும் முடியாது. இரவு இரண்டு மணிக்கு அடுப்படியில் நிற்கும் உங்கள் தம்பிக்கு வாய்க்கொழுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் அவர் படுத்தே கிடந்தால் அதையும் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். எதையும் தொடங்கும் உந்துதல் குறைந்துபோவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அதன்மேல் மருந்தின் மந்தமும் இருக்கிறது.

ஆகவே சமையலறையைப் பூட்ட வேண்டாம். அம்மாவின் கவலை நியாயமானது. ஆனால் தன்னைச் சுற்றி ஏதோ சதி நடக்கிறது என்று ஒருகாலத்தில் நம்பிய ஒருவர், நள்ளிரவில் பூட்டிய கதவின் முன் நின்றால் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அதே காரணத்துக்காக, சர்க்கரை மாத்திரையையோ வேறு எதையுமோ அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்காதீர்கள். என்றாவது தெரியவரும். தெரிந்தால், உணவில் விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். பூட்டுவதற்குப் பதில், வீட்டில் வாங்கி வைப்பதை மாற்றுங்கள். இரவில் அவர் கை நீளும் இடத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் சாப்பிடுவார். அங்கே இனிப்பும் வறுத்த தின்பண்டமும் இல்லாமல், பழமோ காய்கறியோ புரதம் உள்ள ஏதாவதோ இருக்கட்டும். இந்த மாற்றம் வீட்டில் எல்லோருக்குமாக இருக்க வேண்டும். அவருக்கு மட்டும் தனித் தட்டு, தனிக் கட்டுப்பாடு என்றால் அது தண்டனையாகிவிடும்.

உணவில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது குளிர்பானத்தில். 330 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி. மருந்தால் வாய் உலர்வதால்தான் பலர் அதைக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஈரம்தான், இனிப்பு அல்ல. தண்ணீர் பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். சர்க்கரை சேர்க்காத சூயிங் கம் மென்றாலும் உமிழ்நீர் ஊறும். பழச்சாறு ஆரோக்கியமானது என்று அதற்கு மாறிவிட வேண்டாம், அதிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரைதான். இந்த ஒரு பழக்கம் மாறினாலே அடுத்த பரிசோதனையில் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு.

நடையைப் பொறுத்தவரை, பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் என்று தொடங்கி நான்காம் நாள் நின்றுபோவதைவிட, சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது மேல். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்தச் சிறு நடை நேரடியாகக் குறைக்கும். "போய் நட" என்று சொல்லாமல் "வா, நடந்துவிட்டு வருவோம்" என்று கூடவே கிளம்புங்கள். நான் ஆசைக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வகுப்பு எடுத்து உணவையும் உடற்பயிற்சியையும் கற்றுக்கொடுத்த பெரிய ஆய்வு ஒன்றில், ஓராண்டு கழித்தும் எடையில் மாற்றம் இல்லை. அமெரிக்காவில், நோயாளிகள் தினமும் வரும் மையங்களிலேயே கூட்டாக உடற்பயிற்சி செய்யவைத்துத் தொடர்ந்து துணைநின்ற ஆய்வில், 18 மாத முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. செய்யும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

3.2 கிலோ போதுமா என்று கேட்பீர்கள். தம்பிக்குப் போதாது. அதனால்தான் வெறும் உணவு, நடை என்று சொல்லி உங்களை அனுப்பிவிட நான் விரும்பவில்லை. பசியை மருந்து உண்டாக்கும்போது, அதற்கு எதிராகவும் மருத்துவம் ஏதாவது செய்தாக வேண்டும்.

முதலில் மெட்ஃபார்மின். நீங்கள் கேட்ட "சர்க்கரைக்குத் தனி மாத்திரை" பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஓலன்சபைனோடு ஒத்துப்போகும், இரண்டுக்கும் மோதல் இல்லை. சர்க்கரை நோய் வந்த பிறகுதான் தர வேண்டும் என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. ஓலன்சபைன், குளோசபைன் தொடங்கும்போதே எடை ஏறாமல் இருக்க இதையும் சேர்த்துத் தொடங்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்று 2024இல் வெளியான வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. வழக்கமாக 500 மில்லிகிராமில், சாப்பாட்டோடு தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள். முதல் சில வாரங்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். அவசரமாக ஏற்றினால்தான் அது தாங்க முடியாமல் போகும். தொடங்குமுன் சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதிக்க வேண்டும், நீண்ட காலம் எடுத்தால் பி12 வைட்டமின் அளவைப் பார்க்க வேண்டும். மதுப் பழக்கம் அதிகம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து அரிது. சராசரியாக மூன்று கிலோ அளவுக்கு எடை குறைப்பு கிடைக்கிறது. சிலருக்கு எடை மேலும் ஏறாமல் நிற்பதே பெரிய பலன்.

இரண்டாவது வழி, மருந்தையே மாற்றுவது. தம்பிக்கு இது முதல் சைக்கோசிஸ், குரல்களும் நின்றிருக்கின்றன, ஆகவே இந்தப் பேச்சை எடுக்கலாம். ஓலன்சபைனில் இருந்து அரிபிப்ரசோலுக்கு மாறியவர்களுக்கு எடையும் கொழுப்பும் குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. அதே ஆய்வில், புதிய மருந்தைத் தொடராமல் கைவிட்டவர்களும் கூடுதலாக இருந்தார்கள். சிலருக்கு அரிபிப்ரசோல், ஓரிடத்தில் உட்கார முடியாத ஒரு தவிப்பைத் தரும். மாற்றுவதாக இருந்தால் புதியதை ஏற்றிப் பழையதை வாரக்கணக்கில் இறக்க வேண்டும். ஒரே நாளில் செய்வது கூடாது. வீட்டில் பெரிய நெருக்கடி எதுவும் இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்றும் மாதங்களில் தூக்கம் குறைகிறதா, பழைய சந்தேகம் தலைதூக்குகிறதா என்று கவனியுங்கள். பல மருந்துகள் பலனளிக்காமல் குளோசபைனில் நிலைபெற்றவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். தம்பிக்குத் தயங்க மாட்டேன்.

இவற்றுக்கு மேலும் வழிகள் உண்டு. சர்க்கரை நோய்க்கும் உடற்பருமனுக்கும் தரப்படும் ஜிஎல்பி-1 வகை ஊசிகள், லிராகுளூடைட், செமாகுளூடைட் போன்றவை, சைக்கோசிஸ் மருந்து எடுப்பவர்களிடமும் எடையையும் சர்க்கரையையும் நன்றாகக் குறைக்கின்றன. குளோசபைன் எடுப்பவர்கள் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குளோசபைனே குடலை மந்தமாக்கிக் கடும் மலச்சிக்கல் தரும், இந்த ஊசியும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஓலன்சபைனோடு சமிடார்ஃபன் சேர்ந்த மாத்திரைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எடை ஏறுவதை அது ஓரளவு மட்டுப்படுத்துகிறது. மற்ற சைக்கோசிஸ் மருந்துகளைப்போல் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்காமல் வேறு வழியில் வேலை செய்யும் சனோமெலின்–ட்ரோஸ்பியம் அங்கே 2024இல் வந்தது. எல்லா இடத்திலும் இவை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும், இணையத்தில் பேசப்படும் கீட்டோ உணவு பற்றி: சைக்கோசிஸில் அதைச் சோதித்த ஆய்வுகள் இன்னும் சிறியவை. அதை நம்பி மாத்திரையை விடச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

தம்பி புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரானால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புகையில் உள்ள ரசாயனங்கள், ஓலன்சபைனையும் குளோசபைனையும் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை, புகைக்குத்தான். திடீரென்று புகையை நிறுத்தினால், அதே அளவு மாத்திரையிலும் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். குளோசபைனில் இது ஆபத்தாகவும் முடியலாம். புகையை விட வேண்டும், சந்தேகமே இல்லை. சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் இதயம் தாங்காது. ஆனால் விடப்போகும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவைச் சரிசெய்துகொண்டு விட வேண்டும்.

ஒளித்து வைத்த மாத்திரைகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது 116 என்ற எண்ணைவிட இதுதான். கையும் களவுமாகப் பிடித்ததுபோல் கேட்காதீர்கள். "இந்த மாத்திரையில் உனக்கு மிகவும் பிடிக்காதது எது?" என்று கேளுங்கள். எடை என்று சொன்னால் வாதாட வேண்டாம், அது உண்மையான காரணம். 27 வயதில் தன் உடம்பு தன்னுடையதுபோல் தோன்றாமல் போவது சிறிய இழப்பு இல்லை. "மாற்றுவதற்கு வழி இருக்கிறதாம், சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்லுங்கள். அந்த நம்பிக்கை கிடைத்தாலே மாத்திரை மறுபடி வாய்க்குப் போகும் என்பது என் அனுபவம். மருத்துவரிடம் இதை மறைக்கவும் வேண்டாம். தம்பி சரியாக எடுக்காமல் இருப்பது தெரியாமல் அவர் மருந்தை மாற்றினால் கணக்கு தவறிவிடும். தம்பியிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

இரண்டு மருத்துவர்களுக்கு நடுவில் உங்களைப் பந்தாடுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது. மருந்தை எழுதுபவர் அதன் விளைவையும் கண்காணிக்கக் கடமைப்பட்டவர். இது என் தனிக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்காவின் நீரிழிவு, மனநல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2004இலேயே இதற்கு அட்டவணை போட்டுவிட்டன. மருந்து தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். 4, 8, 12ஆம் வாரங்களில் எடை. 12ஆம் வாரத்தில் மறுபடி ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரை. தம்பியின் நிலையில் நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். தொடக்கத்தில் எடுத்த முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்று தெரியும். ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால், மருந்து புதிதாகத் தொடங்கிய அல்லது மாற்றிய முதல் வாரங்களில் நடக்கும் ஏற்றத்தை அது காட்டாமல் விடலாம். அப்போது வெறும் வயிற்றுச் சர்க்கரைதான் நம்பகமானது. ரத்தசோகை இருந்தாலும் ஹெச்பிஏ1சி தவறான எண்ணைத் தரலாம். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் வருகிறதா என்பது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை மளமளவென்று குறைவது, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, குழப்பம், தூங்கிக்கொண்டே இருப்பது. இவை சேர்ந்து வந்தால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். சர்க்கரை மிக அதிகமாகி ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை, அரிதாக என்றாலும், இந்த மருந்துகளில் வருவதுண்டு. எடை அதிகம் கூடாதவர்களுக்கும் வந்திருக்கிறது. "அப்பாடா, தம்பி இளைக்கிறானே" என்று வீட்டார் மகிழும் அந்த வாரமே ஆபத்தின் வாரமாக இருக்கலாம். மருத்துவமனையில் "மாத்திரையால் தூங்குகிறார்" என்றோ "மனநோயாளி, அப்படித்தான் தண்ணீர் குடிப்பார்" என்றோ யாராவது சொன்னால், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

உடல் சொல்வதை மனநோயின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவத்தில் இன்றும் நடக்கிறது. என்னிடம் ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். இரவில் யாரோ வந்து தன் பாதங்களில் நெருப்பு வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆகவே மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும் என்று கேட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தேன். பஞ்சால் தொட்டால் கணுக்காலுக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லை, கட்டைவிரலின் அடியில் அவருக்கே தெரியாத ஒரு புண். யாரோ வைக்கிறார்கள் என்பது நோயின் விளக்கம். எரிச்சல் நிஜம். பல ஆண்டுகள் யாரும் கவனிக்காத சர்க்கரை, நரம்புகளைத் தின்றிருந்தது. தம்பி உடம்பைப் பற்றி எதைச் சொன்னாலும், எவ்வளவு விசித்திரமாகச் சொன்னாலும், முதலில் உடம்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். தம்பியும் வரட்டும். பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மெட்ஃபார்மின் இப்போதே தொடங்கலாமா, ஓலன்சபைனை மாற்றுவது பற்றி எப்போது முடிவெடுப்பது, மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றினால் நள்ளிரவுப் பசி குறையுமா, அடுத்த ரத்தப் பரிசோதனை எந்த மாதம் என்று கேளுங்கள். இரு மருத்துவர்களில் யார் சர்க்கரையின் பொறுப்பை ஏற்கிறார் என்று நேராகவே கேட்டு, ஏற்பவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள். மற்றவருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னால் தருவார்கள்.

உங்களுக்கும் ஒன்று. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், உடன்பிறந்தவருக்கு சைக்கோசிஸ். சைக்கோசிஸ் உள்ளவர்களின் நெருங்கிய உறவினர்களிடமும் சர்க்கரை நோய் சற்று அதிகம் காணப்படுகிறது. தம்பிக்கு அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போகும்போது, வெறும் வயிற்றில் நீங்களும் கையை நீட்டிவிட்டு வாருங்கள்.